தோட்டம் தொடங்கிய 4 ஆண்டில் மறைந்த ரஸல்: 'தர நிர்வாகம்' என்றால் என்னன்னு கேமரன் மலை சொல்லும் கதை

லோரியின் பின்பக்கம், பிஸ்கட் பொட்டலத்தின் ஓரம், கிளினிக் வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டிய சட்டம். இந்த இடங்களில் எல்லாம் 'ஐஎஸ்ஓ 9001' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள்.

பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஓ, இது நல்ல சாமான் போல.

உண்மையில் அந்த எழுத்துகள் அப்படிச் சொல்லவில்லை. இந்த நிறுவனம் வேலை செய்கிற முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது ஓர் ஆளை மட்டும் நம்பி ஓடவில்லை என்றுதான் அவை சொல்கின்றன.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அதைப் புரிந்துகொள்ள பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குப் போகலாம். அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கி, அது முழுசாக வளர்வதைப் பார்க்காமலே இறந்துபோன ஒருவரின் கதை இது.

யார் இந்த ரஸல்?

முழுப் பெயர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல். 1880-களின் தொடக்கத்தில் பிறந்தவர். அப்பா சிலாங்கூர் அரசாங்க அச்சகத்தின் பொறுப்பாளர். அதனால் ரஸல் சின்னப் பையனாக இருந்தபோதே குடும்பம் கோலாலம்பூருக்கு வந்துவிட்டது.

அன்றைய கோலாலம்பூரை இன்றைய நகரமாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஈயச் சுரங்கங்களை நம்பி வளர்ந்துகொண்டிருந்த சின்ன ஊர் அது. கடைத்தெருவில் சீனம், மலாய், தமிழ் எல்லாம் கலந்து ஒலித்த இடம்.

அந்தச் சூழலில் வளர்ந்த ரஸல் மலாய் பேசினார். சீன மொழி வழக்குகளும் அவருக்கு வந்தன. அந்தக் காலத்து வெள்ளைக்கார முதலாளிகளில் பலர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சுரங்கத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். ரஸலுக்கு அந்தத் தேவை குறைவு. தொழிலில் இது அவருக்குப் பெரிய பலமாக இருந்தது.

ஈயத்தில் தொடங்கி, நிலம், ரப்பர் என்று விரிந்தார். பிறகு சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நிலக்கரி. அதைத் தோண்ட 1913-இல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் உருவானது. அந்த நிலக்கரியில்தான் மலாயா ரயில்கள் ஓடின.

ஒரே தொழிலை நம்பி இருக்கக்கூடாது என்பது அவருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே தெரிகிறது. ஈயம் விழுந்தால் ரப்பர், ரப்பர் விழுந்தால் வேறொன்று. அந்த 'வேறொன்று'தான் தேயிலை.

ரப்பர் முதலாளி ஏன் தேயிலைக்குப் போனார்?

1920-களின் கடைசியில் ரப்பர் விலை ஆட்டம் காணத் தொடங்கியது. ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கிப் பிடித்திருந்த பிரிட்டிஷ் திட்டம் 1928-இல் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம்.

மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. வேலை இழந்த பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். உங்கள் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி காலத்துக் கதைகளில் இதைக் கேட்டிருக்கலாம்.

ஆனால் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் மனுசன் டீ குடிப்பதை நிறுத்த மாட்டான். தேயிலைக்கு எப்போதும் ஒரு சந்தை இருந்தது.

இடமும் தயாராக இருந்தது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மலைப்பகுதிக்கு வந்து போனார். அதன்பின் சுமார் 40 ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் பார்த்த பிறகுதான் இதை மலைவாசத்தலமாக்கும் வேலை வேகம் பிடித்தது. தாப்பாவிலிருந்து மேலே சாலை போடத் தொடங்கினார்கள்.

1929-இல் ரஸல் இங்கே நிலம் பெற்றார். தேயிலை பற்றி அவருக்குப் பழக்கம் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. தேயிலை தெரிந்த ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் ஏ.பி. மில்ன். இலங்கையில் நீண்டகாலம் தேயிலை பயிரிட்டவர்.

தோட்டத்துக்கு வைத்த பெயர் 'போ'. தமிழில் யாரையோ விரட்டுவது போல இருக்கும்! ஆனால் அந்தப் பெயர் சீனாவின் தேயிலைக்குப் பேர்போன வூயி மலைகளிலிருந்து வந்தது. ஐரோப்பிய வணிகர்கள் அந்த மலையை 'போஹீ' என்று அழைத்தார்கள். அதன் முதல் பாதிதான் இது.

மலையில் என்ன நடந்தது?

செங்குத்தான சரிவு, அடர்ந்த காடு, முடிக்கப்படாத சாலை. கையில் இருந்தது ஒரே ஒரு நீராவி ரோலர், சில கோவேறு கழுதைகள், அப்புறம் மனிதக் கை. மலேசியாவின் முதல் மேட்டுநிலத் தேயிலைத் தோட்டம் என்று சொல்லப்படும் இடம் இப்படித்தான் தொடங்கியது.

மரம் வெட்டி, வேர் தோண்டி, மழையில் மண் சரியாமல் இருக்கச் சரிவைப் பதப்படுத்தி, நாற்று நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். பின்னாளில் கொழுந்து கொய்ததும் அவர்கள்தான். தோட்டத்து லயங்கள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள் எல்லாம் அவர்கள் இங்கே நிலைத்த தடயங்கள்.

தேயிலையில் அவசரம் செல்லாது. நட்ட செடியிலிருந்து ஒழுங்காகக் கொழுந்து எடுக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரைக்கும் செலவு மட்டும்தான், வரவு கிடையாது.

ரஸலுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. 1933-இல் அவர் இறந்தார். வயது ஏறக்குறைய 50.

உலகத் தேயிலைச் சந்தைக்கும் அது மோசமான ஆண்டு. உற்பத்தி அளவுக்கு மீறிப் போனதால் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா மூன்றும் ஏற்றுமதியைக் குறைக்க அதே 1933-இல்தான் உடன்பாடு செய்துகொண்டன.

அதாவது இளம் தோட்டம், சரிந்த சந்தை, தொடங்கியவரும் இல்லை. சாதாரணமாக இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. குடும்பம் தொழிலைக் கைவிடவில்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தையும் தாண்டித் தோட்டம் நின்றது. இன்று மூன்றாம் தலைமுறை நடத்துகிறது. ஆண்டுக்குச் சுமார் 4 மில்லியன் கிலோ தேயிலை என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு.

சரி, முதலாளி போன பிறகும் ஒரு தோட்டத்தில் தரம் எப்படி நிற்கிறது? இதுக்கு விடை தேடினால் தர நிர்வாகம் தானாகப் புரிந்துவிடும்.

ஒரு கோப்பை டீ எங்கெல்லாம் கெட்டுப்போகும்?

தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு சுற்று போய்வருவோம். எந்தத் தோட்டமாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் கொய்தல். ஒரு மொட்டு, இரண்டு இலை. முற்றிய இலை சேர்ந்தால் சுவை மட்டம். கொய்தது கூடையில் அமுங்கிச் சூடேறினால் தொழிற்சாலைக்கு வரும் முன்பே பாழ்.

அடுத்து வாட்டுதல். பச்சை இலையில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். சுமார் 12 முதல் 18 மணி நேரம் காற்றோட்டத்தில் பரப்பி, அது வளைந்தாலும் முறியாத பதத்துக்கு வர வேண்டும். மழை நாளில் ஒரு நேரம், வெயில் நாளில் வேறு நேரம்.

பிறகு உருட்டுதல். இலையின் சாறு வெளியே வந்து காற்றோடு சேர்கிறது. இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். தொழிற்சாலையில் இதைப் புளிக்கவைப்பது என்பார்கள். உண்மையில் நடப்பது ஆக்சிஜனோடு சேரும் வேதிமாற்றம். கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் பச்சை வாடை. தாமதமானால் டீ சப்பென்று இருக்கும்.

கடைசியில் சூட்டில் உலர்த்தி, ஈரத்தை 3 விழுக்காடு அளவுக்குக் குறைத்து, சலித்து, தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து தேவை.

இதில் எந்த ஒரு கட்டம் தவறினாலும் அடுத்த கட்டம் அதைச் சரிசெய்யாது. கடைசியில் கோப்பையில் ஊற்றிச் சுவைத்துப் பார்த்து 'சரியில்லை' என்று சொல்லலாம். ஆனால் அதற்குள் அந்த நாளின் கொழுந்து முழுவதும் வீண். தரத்தைக் கடைசியில் சோதிப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு படியிலும் அதைக் கட்டிக் காக்க வேண்டும்.

இன்னொரு சுவையான விஷயம். கேமரன் மலையில் காடு வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் என்ற பொறியாளர் இதே கேள்வியைத் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் கேட்டுக்கொண்டிருந்தார். பொருள் கெட்ட பிறகு தூக்கி எறிவதற்குப் பதிலாக, செய்முறையில் எங்கே ஏற்றத்தாழ்வு வருகிறது என்று எண்களை வைத்துப் பார்க்கலாமே என்றார். 1924-இல் அதற்கான வரைபடத்தை உருவாக்கினார். 1931-இல் புத்தகமும் வந்தது. ரஸலுக்கும் அவருக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைய தர நிர்வாகத்தின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஐஎஸ்ஓ 9001 என்னதான் கேட்கிறது?

இது 1987-இல் முதலில் வெளிவந்த அனைத்துலகத் தரநிலை. அதற்கு முன்னோடி 1979-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் தரநிலை. பிறகு பலமுறை திருத்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 10 பிரிவுகள். முதல் மூன்று அறிமுகம். நிறுவனம் கடைப்பிடிக்க வேண்டியவை 4 முதல் 10 வரை உள்ள ஏழு பிரிவுகள்.

தோட்டத்து மொழியில் சொன்னால் சுலபம்.

பிரிவு 4, சூழல். உங்கள் தொழிலைப் பாதிப்பவை எவை, உங்களிடம் யார் யார் என்ன எதிர்பார்க்கிறார்கள்? மழை, சாலை, சந்தை விலை, டீ வாங்குபவர் எல்லாம் இதில் அடங்கும்.

பிரிவு 5, தலைமை. தரத்துக்குப் பொறுப்பு மேலே இருப்பவருக்குத்தான். கொழுந்து முற்றிவிட்டது என்று கங்காணி மேல் பழி போட்டுத் துரை தப்பிக்க முடியாது.

பிரிவு 6, திட்டம். என்ன தவறு நடக்கலாம் என்று முன்கூட்டியே யோசிப்பது. அளக்கக்கூடிய இலக்கு வைப்பது. 'நல்ல டீ தருவோம்' என்பது ஆசை. 'முற்றிய இலை இத்தனை விழுக்காட்டைத் தாண்டாது' என்பது இலக்கு.

பிரிவு 7, ஆதரவு. ஆள், கருவி, பயிற்சி, ஆவணம். எடை போடும் தராசு சரியாக இருக்கிறதா என்பதும் இங்கேதான் வரும்.

பிரிவு 8, செயல்பாடு. கொய்வதிலிருந்து பொட்டலம் கட்டுவது வரை ஒவ்வொரு படியையும் கட்டுக்குள் வைப்பது. தவறிய சரக்கு நல்ல சரக்கோடு கலந்துவிடாமல் தனியே வைப்பது.

பிரிவு 9, மதிப்பீடு. அளந்து பார்ப்பது, உள்தணிக்கை செய்வது, வாடிக்கையாளர் என்ன நினைக்கிறார் என்று கேட்பது.

பிரிவு 10, மேம்பாடு. தவறு நடந்தால் சும்மா மன்னிப்புக் கேட்டு முடிக்காமல், ஏன் நடந்தது என்று தோண்டிப் பார்த்து மறுபடி நடக்காமல் செய்வது.

இதெல்லாம் புதுசா? முழுசாகப் புதுசு இல்லை. பழைய தோட்டங்களில் விடிகாலைப் பெரட்டில் ஆள் எண்ணினார்கள். யார் வேலைக்கு வந்தார் என்று செக்ரோலில் கிராணி எழுதினார். கொழுந்தை நிறுத்து எடை குறித்தார்கள். பதிவு, அளவு, பொறுப்பு மூன்றும் அங்கே இருந்தன.

ஆனால் அந்தப் பதிவுகள் பெரும்பாலும் ஆளைக் கட்டுப்படுத்தத்தான் பயன்பட்டன. எடை குறைந்தால் கூலி குறைந்தது. ஏன் குறைந்தது என்று கொய்தவரிடம் யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தோட்டத்துக் கதைகளில் கேள்விப்படுவது அரிது. இன்றைய தரநிலை கேட்பது அந்தக் கேள்வியை. தவறு ஆளிடமா, முறையிலா என்று பார்க்கச் சொல்கிறது.

எதைச் சொல்லாது?

இங்கேதான் பலருக்கும் குழப்பம்.

ஐஎஸ்ஓ 9001 டீயின் சுவைக்கு மதிப்பெண் போடாது. கறுப்புத் தேயிலைக்கு என்ன அடிப்படைத் தேவை என்று சொல்ல ஐஎஸ்ஓ 3720 தனியாக இருக்கிறது. சோதனைக்கு டீ போடும் முறைக்குக்கூட ஐஎஸ்ஓ 3103 உண்டு. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறவேண்டும். உங்கள் அம்மா போடும் டீ அந்த விதிப்படி இருக்காது. கவலை வேண்டாம், அது வெவ்வேறு தேயிலையை ஒரே மாதிரி ஊறவைத்து ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். இதே விஷயத்தை 6 பக்கத்துக்கு எழுதிய பிரிட்டிஷ் தரநிலைக்கு 1999-இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபெல் பரிசு கிடைத்தது.

தொழிலாளியின் சம்பளம், வீடு, உடல்நலம் பற்றியும் ஐஎஸ்ஓ 9001 நேரடியாகப் பேசாது. வேலையிடப் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 45001 என்று வேறு தரநிலை. ஆகவே ஒரு பொட்டலத்தில் 9001 என்று பார்த்தால், கொய்தவருக்கு நியாயமான கூலி கிடைத்தது என்று அர்த்தம் செய்துகொள்ள முடியாது. அது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சான்றிதழை ஐஎஸ்ஓ அமைப்பே தருவதும் இல்லை. மலேசியாவில் சிரிம் கியூஏஎஸ் போன்ற சான்றளிப்பு அமைப்புகள் வந்து தணிக்கை செய்து தருகின்றன. வழக்கமாக 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இடையில் ஆண்டுதோறும் சோதனை உண்டு.

எழுதாத அறிவு யாருடையது?

2015 பதிப்பில் பலர் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. 7.1.6. வேலைக்குத் தேவையான அறிவு என்ன என்று நிறுவனம் கண்டறிய வேண்டும், அதைக் காப்பாற்ற வேண்டும், தேவைப்படுபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது.

ரஸல் செய்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். தனக்குத் தெரியாத அறிவு இன்னொருவரிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு மில்னைச் சேர்த்தார். மில்னின் அனுபவம் இலங்கையிலிருந்து வந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலையை வணிகப் பயிராக்கிய காலத்திலிருந்து அங்கே சேர்ந்த அறிவு அது. அந்த இலங்கைத் தோட்டங்களிலும் கொழுந்து கொய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்தான்.

முதலாளியின் பெயரும் மேலாளரின் பெயரும் ஏட்டில் நின்றன. எந்தச் சரிவில் மண் சரியும், எந்த வரிசையில் கொழுந்து சீக்கிரம் முற்றும், எந்த மேகம் வந்தால் எத்தனை நேரத்தில் மழை என்று விரல் நுனியில் வைத்திருந்த பெண்களின் பெயர் செக்ரோலில் கையெழுத்தோடு முடிந்துவிட்டது. பல சமயம் கைநாட்டோடு.

இன்று கேமரன் மலையின் பல சரிவுகளில் கத்தரி, இயந்திரம் கொண்டு கொழுந்து வெட்டுகிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய வந்துவிட்டனர். தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். போனது நல்லதுதான். ஆனால் பாட்டியின் கையில் இருந்த அறிவை யாரும் எழுதிவைக்காவிட்டால் அது அவரோடு போய்விடும். அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் ஓய்வு பெறும் ஒவ்வொரு முறையும் இதே இழப்பு நடக்கிறது. தேயிலையில் மட்டும் இல்லை, எந்த வேலையிலும்.

நீங்கள் சின்னதாகத் தொழில் தொடங்கினால்?

சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்பே, காசு செலவில்லாமல் தொடங்கலாம். உதாரணமாக, வீட்டில் முறுக்கு செய்து விற்கிறீர்கள். நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் உங்கள் தங்கச்சி அதே முறுக்கைச் செய்ய முடியுமா? முடியாது என்றால், எது உங்கள் தலையில் மட்டும் இருக்கிறது என்று பாருங்கள். மாவின் அளவு, எண்ணெய்ச் சூடு, பொட்டலம் கட்டும் நேரம். அதை ஒரு தாளில் எழுதுங்கள்.

புகார் வந்தால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மூன்று புகார் ஒரே மாதிரி இருந்தால் அது வாடிக்கையாளரின் குறை இல்லை, உங்கள் முறையில் ஓட்டை. அதை அடைத்த பிறகு நிஜமாகவே அடைபட்டதா என்று மறுபடி பாருங்கள்.

தடிமனான கையேடு வேண்டும் என்ற கட்டாயம் 2015 பதிப்பில் இல்லை. தேவையானதை எழுது, எழுதியதைச் செய், செய்ததைச் சரிபார். அடிப்படை அவ்வளவுதான்.

ரஸலுக்கு ஐஎஸ்ஓ 9001 தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் இறந்து 14 ஆண்டு கழித்து, 1947-இல்தான் ஐஎஸ்ஓ அமைப்பே செயல்படத் தொடங்கியது. ஆனாலும் அவர் இல்லாத 90-க்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அந்த மலையில் தினமும் கொழுந்து எடுக்கிறார்கள், வாட்டுகிறார்கள், உலர்த்துகிறார்கள். தொடங்கியவரின் நினைவில் இருந்த வேலை, செய்தவர்களின் கைக்கு மாறியதால்தான் அது நடந்தது.

அடுத்த முறை கேமரன் மலைக்குப் போய், பச்சைச் சரிவைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கும்போது, தொடங்கியவர் ஒருவர் என்பதோடு, தொடர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்தத் தலைமுறையில் யாராவது இன்னும் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.